பாவு நனைந்த நாள்

அயர்லாந்து
7-7-1985, ஞாயிறு

அன்புள்ள அண்ணன் பச்சையப்பனுக்கு,

தம்பி மாணிக்கவேல் எழுதுவது. இங்கு வந்த இரண்டு வருஷத்தில் நேற்றுத்தான் ஒரு முழு நாள் சும்மா இருந்தேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. விஷயம் காரைப் பற்றியது என்பதால் உங்களிடம்தான் சொல்ல முடியும்.

ஆஸ்பத்திரியில் ஆறு வாரமாக ஓயாத டியூட்டி. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் என்னையும் சேர்த்து இரண்டு பேர்தான். ஒருவர் லீவில் போனால் மற்றவன் பாடு திண்டாட்டம். ஒருவழியாக நேற்று சனிக்கிழமை விட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் மழை. நம் ஊர் மழை மாதிரி ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டுப் போகிற ரகம் இல்லை. நாள் பூராவும் அவசரமே இல்லாமல் தூறிக்கொண்டிருக்கும். ரூமில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பானேன் என்று ஒரு வாடகைக் கார் எடுத்தேன்.

வாடகைக் கார் என்றதும் நீங்கள் முன்பு ஓட்டிய டாக்ஸி அம்பாசடர் மாதிரி டிரைவரோடு வருவது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே காரை மட்டும் கொடுக்கிறார்கள். நாமே ஓட்டிக்கொண்டு போய்ச் சாயந்திரம் திருப்பி விட வேண்டும். பெட்ரோல் பங்க்கை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ். அங்கிருந்த பெரியவர் என் மெட்ராஸ் லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், விலாசம், எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள், இதுவரை விபத்து ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாவி கைக்கு வந்துவிட்டது. சின்னச் சிவப்புக் கார். கியர் அம்பாசடர் மாதிரி ஸ்டியரிங்கில் இல்லை, தரையில் இருக்கிறது. இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பழகக் கஷ்டமில்லை.

டவுனைத் தாண்டினால் ரோடு ஒற்றைக் கார் அகலம்தான். இரண்டு பக்கமும் மார்பளவு கல்சுவர். தாரின் நடுவிலேயே புல் முளைத்திருக்கிறது. எதிரே வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். முதலில் என்னைத் திட்டுகிறார்களோ என்று நினைத்தேன். அது வணக்கமாம். மத்தியானத்துக்குள் நானும் விரல் தூக்கப் பழகிவிட்டேன்.

ஓர் இடத்தில் ஐம்பது அறுபது ஆடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு படுத்திருந்தன. மேய்ப்பவரைக் காணோம். ஹாரன் அடிக்க மனசு வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவைகளாக எழுந்து போயின. அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு கிராமத்துக் கடையில் தேநீர் குடித்தேன். கணப்பில் மண்கட்டி மாதிரி ஒன்றைப் போட்டு எரிக்கிறார்கள். அந்தப் புகை வாசனை சட்டையில் இன்னும் இருக்கிறது. கடைக்கார அம்மாள் உங்கள் ஊரில் மழை பெய்யுமா என்று கேட்டாள். பெய்தால் எல்லோருக்கும் லீவு என்றேன். திரும்பும்போது மழை கொஞ்சம் வலுத்தது. வைப்பர் சீராக ஓடியது. வைப்பர் ஓடாதபோது மழைத் தண்ணீர் வழிந்தோட நீங்கள் கண்ணாடியில் புகையிலை தேய்ப்பீர்களே, அது ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன்.

காரோடு எடுத்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அண்ணிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

மாணிக்கவேல்

*

ஆரணி
25-7-1985

தம்பி மாணிக்கவேலுக்கு,

கடிதமும் போட்டோவும் வந்தன. அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தாய். அம்மா தான் மட்டும் கேட்கிறவளா? உன் அண்ணி தேவகியை நடுக்கூடத்தில் உட்காரவைத்துத் தெருவைக் கூப்பிட்டுவிட்டாள். என் பெண்டாட்டியும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற தோரணையில் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். எதிர்வீட்டு அருணாச்சலம் வந்திருந்தார். அவர் வீட்டுத் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுக்க வந்த சடையனையும் அம்மா விடவில்லை. அவன் ஊன்றுகட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிலைப்படியோடு நின்றான்.

விபத்து உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்று எழுதினேன் என்ற இடம் வந்தது. அம்மா உடனே என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டும் நான் பெத்ததுதான். ஒண்ணு கை சுத்தம், ஒண்ணு இப்டி" என்றாள். சடையன் முன்னால் சொன்னாள். அவன் உன் போட்டோவைக் கேட்டு வாங்கி வெகு நேரம் பார்த்தான். "பூட்ஸு பளபளன்னு கீது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

உனக்கு மறந்திருக்கும். நல்ல ரோடும் நல்ல வைப்பரும் கிடைத்தால் மறக்கத்தான் செய்யும். அதனால் நானே எழுதுகிறேன். எழுபத்தேழாம் வருஷம், ஐப்பசி. கல்யாணப் பார்ட்டியை வந்தவாசியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறோம். மெட்ராஸ் காலேஜிலிருந்து லீவுக்கு வந்த நீ ஊர் சுற்ற என்னோடு வந்திருந்தாய். ஆரணி நெருங்கும்போது விடிந்துவிட்டது. ஸ்டியரிங் உன் கையில். நம் தெருவில் அருணாச்சலம் வீட்டு நெசவு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் அந்தக் கோடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கோடியில் முனையைப் பிடித்துக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி நின்றவன் சடையன். நீ அவன்மேல் ஏற்றினாய்.

இந்தக் கோடியில் வேறு ஆள் இல்லை. உன்னை ஓடச் சொல்லிவிட்டு டிரைவர் சீட்டுப் பக்கம் நான் போய் நின்றேன். நீ மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினாய், நான் வேலூர் ஜெயிலில் ஆறு மாதம் இருந்தேன். லைசென்ஸ் போயிற்று. அதற்குப் பிறகு வண்டியைக் கழுவக்கூட எவனும் என்னைக் கூப்பிடவில்லை. இப்போது அரிசி மில் களத்தில் நெல் துழாவுகிறேன். மழை வந்தால் எல்லோருக்கும் லீவு என்று அந்த அம்மாளிடம் சொன்னாயாமே. வாஸ்தவம். நெல் காயாத நாளில் எனக்கும் லீவு, என் கூலிக்கும் லீவு.

சடையனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தறிக்குழியில் இறங்கி மிதிக்க முடியாது. பெண்கள் சுற்றுகிற தாரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒன்றைத்தான் என்னால் முடியவில்லை. பாவு வெளியே இருக்கும்போது மழை வந்தால் நம் தெருவில் எப்படி என்று உனக்குத் தெரியும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் ஓடிவந்து ஒரு கை பிடிப்பான். ஒரு பாவு மூன்று புடவை. நனைந்தால் ஒரு குடும்பம் இரண்டு மாதம் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான். எட்டு வருஷமாக நானும் ஒவ்வொரு மழைக்கும் ஓடுகிறேன். நான் கையை நீட்டினால் அருணாச்சலம், "நீ வுடுப்பா" என்கிறார். சத்தம் போட்டுக்கூடச் சொல்வதில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் பிடிக்கிறார்கள், நான் சுவரோரமாக நனைந்துகொண்டு நிற்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அன்றைக்கு ஓட்டியவன் நான்தான் என்று உன் கையெழுத்தில் சடையனுக்கு ஒரு கடிதம் எழுது. ஊருக்குத் தெரியட்டும். ஆட்டுக்காக எஞ்சினை அணைத்து உட்கார்ந்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை.

பதிலை வீட்டுக்குப் போடாதே. மில் விலாசத்துக்குப் போடு.

பச்சையப்பன்

*

அயர்லாந்து
11-8-1985

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி கேன்டீனில் வைத்துப் பிரித்தேன். பாதியில் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ராத்திரி ரூமில்தான் மீதியைப் படித்தேன்.

நான் கேட்டேனா அண்ணா? காரை விட்டு இறங்கியவன் நான். சடையன் பக்கத்தில் போகப் போனவனும் நான். சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்து "ஓடுடா, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுடா" என்று சொன்னது நீங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. நீங்கள் சொன்னதைச் செய்துதான் எனக்குப் பழக்கம். அந்த அறையைத் தவிர அன்று காலையில் எனக்கு வேறெதுவும் தெளிவாக ஞாபகமில்லை.

எனக்காகவே எல்லாம் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ராத்திரி தூங்காமல் ஓட்டிவிட்டு, லைசென்ஸ் இல்லாத என்னிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தது யார்? பத்து நாளாக வைப்பர் ஓடவில்லை. முதலாளியிடம் சொல்லி மாற்றாமல் புகையிலையைத் தேய்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தது யார்? உண்மையைச் சொல்லியிருந்தால் என்னோடு நீங்களும்தான் மாட்டியிருப்பீர்கள். என்னை மட்டும் காப்பாற்றியதாகத் தயவு செய்து எழுதாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். சடையன் பாவை விட்டுவிட்டு நடுத்தெருவுக்கு ஓடிவந்தான், அதனால்தான் அடிபட்டது என்று கோர்ட்டில் நீங்கள் சொன்னதாக அண்ணி அப்போது எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருந்தேன். அதையும் நானா சொல்லச் சொன்னேன்?

ஜனவரியில் எனக்கு இங்கே நிரந்தர வேலைக்கு இண்டர்வியூ இருக்கிறது. இந்த நேரத்தில் என் கையெழுத்தில் அப்படி ஒரு காகிதம் ஊரில் சுற்றக் கூடாது. எங்கே போய் யார் கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு அது புரியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் சடையன் விஷயத்தில் என்னால் ஆனதைச் செய்ய முடியும். இங்கே செயற்கைக் கால் மிக நன்றாகச் செய்கிறார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மிதிக்கவும் பழகலாம். முழங்காலுக்குக் கீழே எவ்வளவு மிச்சம் இருக்கிறது, சுற்றளவு எவ்வளவு, இடது பாதத்தின் நீளம் எவ்வளவு என்று அளந்து அனுப்புங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். யார் அனுப்பியது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

அம்மாவிடம் இப்போது எதையும் கிளற வேண்டாம். அவளுக்கு வயதாகிறது.

மாணிக்கவேல்

*

ஆரணி
30-8-1985

மாணிக்கவேலுக்கு,

தூங்கினேன். உண்மை. உன்னிடம் வண்டியைக் கொடுத்தது நான்தான், வைப்பரை மாற்றாததும் நான்தான். அதற்குத்தான் ஆறு மாதம் களி தின்றேன் என்று வைத்துக்கொள். உன் பங்கு எங்கே?

கோர்ட்டில் சொன்னதைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். அது வக்கீல் சொல்லிக் கொடுத்தது. அப்படிச் சொன்னால் இரண்டு வருஷத் தண்டனை ஆறு மாதமாகக் குறையும் என்றார், குறைந்தது. கூண்டில் ஏறினவன் எவன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான்? அது கோர்ட்டோடு போயிற்று.

சடையன் காலை நான் அளக்கப் போவதில்லை. அவன் வீட்டு வாசலில் போய் நின்று, உன் காலைக் காட்டு, எவனோ ஒரு புண்ணியவான் கேட்கிறான் என்று சொல்லவா? கால் அனுப்புவாய், பெயரை அனுப்ப மாட்டாய். ஆளை மயக்கிவிட்டு வேலையைப் பார்க்கிற உத்தியோகம் உனக்குப் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

அம்மாவுக்கு வயதாகிறது என்கிறாய். எனக்கும்தான் ஆகிறது. இந்த ஆடியில் நாற்பது முடிந்தது. நாற்பது வயதில் தெருவில் மழை வந்தால் உள்ளே ஓடுவதா வெளியே ஓடுவதா என்று தெரியாமல் நிற்கிறவன் நான் ஒருவன்தான்.

எழுதினால் சடையனுக்கு எழுது. எழுதாவிட்டால் எனக்கும் எழுதாதே. உன் மழையையும் ஆட்டையும் வேறு யாருக்காவது எழுதிக்கொள்.

பச்சையப்பன்

*

அயர்லாந்து
13-10-1985

அண்ணா,

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

போன மாதக் கடைசியில் மறுபடியும் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. அன்றும் மழை. பழைய ஞாபகத்தில் அதே கார் ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, டாக்டருக்கு எதற்குச் சிரமம், போன தடவை எழுதியதைப் பார்த்து நானே நிரப்பிவிடுகிறேன் என்றார். நிரப்பித் திருப்பி வைத்தார். விபத்து என்ற இடத்தில் அவர் கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. நான் எழுதியபோது ஒன்றும் தோன்றவில்லை. என்மேல் ஒரு சந்தேகமும் இல்லாத மனிதர் எழுதியிருந்ததைப் பார்த்தபோது என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே நாலு மைல் நடந்து வந்தேன்.

இதோடு தனித்தாளில் இருப்பது சடையனுக்கு. உங்களிடம்கூட இதுவரை சொல்லாத ஒன்று அதில் இருக்கிறது. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரியாது. இண்டர்வியூ எப்படிப் போனாலும் போகட்டும். அவருக்குப் படிக்க வராது என்பதால் நீங்களே படித்துச் சொல்லுங்கள். ஒரு எழுத்துக்கூட விடாமல் படியுங்கள்.

மாணிக்கவேல்

(தனித்தாள்)

சடையண்ணனுக்கு,

ராஜம்மாள் மகன் மாணிக்கவேல் எழுதுவது. அன்றைக்கு உங்கள்மேல் காரை ஏற்றியவன் நான். என் அண்ணன் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தண்ணீர், ஆள் தெரியவில்லை என்று சொன்னால் நம்புவார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தது. நீங்கள் பாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாற்பது அடி தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். கார் வருகிறதே, பாவை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அந்தத் தெருவில் பிறந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. பிரேக்கை மிதிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. நீங்கள் நடுத்தெருவுக்கு ஓடி வரவில்லை. நின்ற இடத்தில்தான் நின்றீர்கள். விழுந்த பிறகும் முனை உங்கள் கையில்தான் இருந்தது. அதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

மாணிக்கவேல்

*

ஆரணி
14-11-1985

தம்பி,

உன் கவர் போன மாதம் இருபத்தெட்டாம் தேதி மில்லுக்கு வந்தது. களத்தில் நின்றுகொண்டே படித்தேன். எட்டு வருஷமாக எதிர்பார்த்தது கையில் இருக்கிறது, சந்தோஷப்பட வேண்டியதுதானே. பட்டேன். ஹாரன் அடித்த விஷயத்தைப் படித்து உன்மேல் ஆத்திரமும் பட்டேன். இரண்டும் சேர்ந்து, அன்று சாயந்திரமே சடையன் வீட்டுக்குப் போனேன்.

சடையன் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் சம்சாரம் செல்லியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. தம்பி உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான் என்றேன். "படி" என்றான். ராட்டையை நிறுத்தவில்லை.

படித்தேன். காரை ஏற்றியவன் நான் என்ற இடத்தைக் கொஞ்சம் உரக்கவே படித்தேன். ஹாரன் அடித்தது வரைக்கும் படித்தேன். பிரேக்கை மிதிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது என்பதற்கு அடுத்த வரியில் கண் போனது. நீங்கள் நடுத்தெருவுக்கு ஓடி வரவில்லை. கோர்ட்டில் நான் என்ன சொன்னேனோ அதற்கு நேர் எதிராக நீ எழுதியிருந்தாய். மில்லில் படித்தபோது உன்மேல் இருந்த கோபத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை. அங்கே அவன் எதிரில் நின்று வாய் திறக்கும்போதுதான் உறைத்தது. யோசித்து ஒன்றும் செய்யவில்லை. நாக்கு தானாகத் தாண்டிவிட்டது. "என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை" என்று போய் நின்றேன். ஒரு எழுத்துக்கூட விடாதே என்று நீ சொல்லியிருந்தாய். நாலு வரியை விழுங்கிவிட்டேன்.

செல்லியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, "அத்த இப்டி குடு" என்றாள். அவள் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துக் கூட்டப் படித்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, முதலிலிருந்து படித்தாள். அவள் அந்த வரிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத்தான் தெரியும். வி-ழு-ந்-த பி-ற-கு-ம் என்று அவள் கூட்டிக்கொண்டிருக்கும்போது சடையன் ராட்டையை நிறுத்தினான்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"யாரு ஓட்னாங்கன்னு எனுக்கு அன்னிக்கே தெரியும் பச்சையப்பா" என்றான். "நான் கீழ கெடக்கசொல்ல டிரைவர் பக்கத்துக் கதவு தொறந்துது. பூட்ஸ் காலு எறங்குச்சு. நீ ரப்பர் செருப்பு போட்றவன். நம்ம தெருவுல அப்போ பூட்ஸ் போட்டவன் வேற யாரு?"

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி இன்னா ஆவப்போவுது? காலு திரும்ப மொளைக்குமா? படிக்கிற புள்ள. நீ தம்பிக்காவ உள்ள போனே, அது உங்க வூட்டு விசயம். அத்த நான் தப்புன்னு சொல்லல. ஆனா கூண்டுல நின்னுகினு, சடையன் பாவ வுட்டுட்டு ஓடியாந்தான்னு சொன்னியே. தெரு ஜனம் மொத்தமும் அங்க குந்திகினு கேட்டாங்க. காலத்தான் வுட்டேன், பாவ வுடல. எனுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அத்தயும் நீ எடுத்துகினு பூட்ட."

அருணாச்சலம் ஏன் "நீ வுடுப்பா" என்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வண்டியை ஏற்றியதற்காக இல்லை. மற்றவர்கள் கோர்ட்டில் கேட்டதை நம்பியிருக்கலாம், விழுந்தவன் கையில் முனை இருந்ததை ஓடிவந்த அருணாச்சலம் பார்த்திருப்பார். மழையில் பாவை விடாமல் நின்றவனை விட்டவன் என்று சொன்ன ஆள் நான். என் கையில் பாவை எப்படிக் கொடுப்பார்கள்? எட்டு வருஷமாக உன்னைத் திட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருக்கிறேன். அந்தத் தெருவில் பிறந்தவன் தெரிந்திருக்க வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாயே, நானும் அந்தத் தெருவில்தான் பிறந்தேன்.

நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். சடையன், "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? தெருவுல பாவு போட்டுகினு எல்லாரும் நிக்கசொல்ல வந்து சொல்லு, கோர்ட்டுல சொன்னது பொய்யின்னு. உன் தம்பி பேச்சே வேணாம். உன் பேச்சச் சொல்லு" என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் காகிதம் செல்லியம்மாளிடம் இருக்கிறது. அவள் அதை யாரிடமும் காட்டியதாகத் தெரியவில்லை. இண்டர்வியூவுக்கு நீ பயப்பட வேண்டாம்.

மறுநாளே அருணாச்சலம் வீட்டுப் பாவு வெளியே வந்தது. மில்லில் சீக்கிரம் வரச் சொன்னார்கள் என்று தேவகியிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாகப் போனேன். மில்லில் யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டார்கள். அன்றைக்குப் பாவு கட்டுகிற கம்பம் வரைக்கும் போய்விட்டேன். பத்துப் பன்னிரண்டு பேர் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தார்கள். சடையன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு முனையைப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். "திருவண்ணாமல பஸ்ஸு பூட்ச்சா?" என்று அருணாச்சலத்திடம் கேட்டேன். "இப்பதான் போச்சு" என்றார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உனக்கு ஒரு தாளில் எழுத எட்டு வருஷம் ஆயிற்று என்று எவ்வளவு பேசினேன். எனக்கு அந்தத் தாளும் தேவையில்லை, நாலு வார்த்தை போதும்.

அதற்குப் பிறகு மழை. இன்றோடு ஒன்பது நாள். நாகநதியில் தண்ணீர் போகிறது என்று பிள்ளைகள் பார்க்கப் போகிறார்கள். தெருவில் பாவு போடவில்லை. மில்லும் மூடிக்கிடக்கிறது, எனக்குக் கூலி இல்லை. தேவகி பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு மழையைத் திட்டுகிறாள். இன்னும் இரண்டு நாளில் விட்டுவிடும் என்று அருணாச்சலம் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துச் சொல்கிறார். விட்டதும் முதல் பாவு அவர் வீட்டுடையதுதான்.

நீ அங்கே மழையில் ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதியபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்போது நானும் நாள் பூராவும் கதவோரம் உட்கார்ந்து மழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அரிசி இல்லை. ஆனாலும் இந்த மழை நிற்கக் கூடாது என்று இருக்கிறது.

பச்சையப்பன்